டப்பாவில் 3200, ஓடுவது எவ்வளவு?

போர்ட் பிளேரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனுக்கு 'ஆன் ஆகலை' என்று வரும் மிஷின் ஒரு தொல்லையே இல்லை. பவர் சப்ளை போயிருக்கும், இல்லையென்றால் போர்டு போயிருக்கும். பொருள் இருந்தால் மாற்றிக் கொடுத்துவிடலாம். 'ஆன் ஆகுது, எல்லாம் ஓடுது, ஆனா என்னமோ சரியில்ல' என்று சொல்லிக்கொண்டே ஒருவர் கேபினெட்டை இறக்கி வைத்தால்தான் அன்றைய பொழுது போச்சு. வாரத்துக்கு ஒரு நீலத்திரை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் காட்டும். பிரவுசர் தானாக மூடிக்கொள்ளும். நேற்றுத் திறந்த ஜிப் ஃபைல் இன்று திறக்காது. மறுபடி முயன்றால் திறக்கும். வாடிக்கையாளர் அதற்குள் விண்டோஸை இரண்டு தரம் புதிதாகப் போட்டிருப்பார், ஹார்ட் டிஸ்க்கைக்கூட மாற்றியிருப்பார். இதெல்லாம் பெரும்பாலும் ரேமில் வந்துதான் முடியும். ரேம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ரேம் நன்றாகத்தான் இருக்கும். டப்பாவில் போட்டிருக்கிற வேகத்தில், அந்தப் போர்டில், அந்தப் பிராசஸரோடு, அந்த அறைச் சூட்டில் அதனால் ஓட முடியாமல் இருக்கும்.

(2024 செப்டம்பரில் ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பில் புத்தகத்தில் மாற்றியாச்சு. வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது.)

முதலில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிச் சண்டை அங்கேயே தொடங்குகிறது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் சிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தார். "தம்பி, 3200-ன்னு சொல்லிக் காசு வாங்கினே, இங்க 1600-ன்னுல்ல காட்டுது, மீதிப் பாதி எங்க?" அவர் கேட்டதில் நியாயம் உண்டு. டிடிஆர் வகை நினைவகம் கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை என இரண்டு தடவை தரவை அனுப்புகிறது. கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ், அனுப்புவது நொடிக்கு 3200 மில்லியன் முறை. டப்பாவில் பெரிய எண்ணைப் போடுகிறார்கள், அந்த மென்பொருள் சின்ன எண்ணைக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று புரியவைக்க ஒரு டீ செலவானது.

அடுத்த ஆள் வந்து "டாஸ்க் மேனேஜர்ல 2133-ன்னு இருக்கு அண்ணே" என்றால் அது நிஜமான குறை. 3200 என்று எழுதிய ஸ்டிக்குகளில் இரண்டு ஜாதி உண்டு. ஜெடெக் என்ற தர அமைப்பின் கணக்குப்படியே 3200-இல் ஓடுகிறவை ஒன்று, அவை 1.2 வோல்ட்டில், சிஎல் 22 என்ற நிதானமான தாமதத்தில், போட்ட உடனே அந்த வேகத்துக்குப் போகும். இன்னொன்று, தொடக்கத்தில் 2133, 2400 அல்லது 2666-இல் எழுந்து, பயாஸில் எக்ஸ்எம்பி என்பதை நாம் ஆன் செய்தால் மட்டும் 1.35 வோல்ட்டில் சிஎல் 16 என்று ஓடுவது. இரண்டு டப்பாவிலும் ஒரே எண். கணக்குப் போட்டால் முதலாவது ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஏறக்குறைய 13.75 நானோநொடி எடுக்கும், இரண்டாவது 10. ஒவ்வொரு ஸ்டிக்கின் ஓரத்திலும் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. அந்த ஸ்டிக்கின் ஜாதகம் அதில்தான் எழுதியிருக்கிறது. எந்த வேகம், எந்தத் தாமதம், எத்தனை வோல்ட் என்று போர்டு அதைப் படித்துத் தெரிந்துகொள்கிறது. எக்ஸ்எம்பி என்பது அதே சிப்பில் ஸ்டிக் கம்பெனி தன் பொறுப்பில் கூடுதலாக எழுதிவைக்கும் ஒரு பக்கம். இன்டெல் 2007-இல் டிடிஆர்3 காலத்தில் கொண்டுவந்தது. ஏஎம்டி 2022-இல் டிடிஆர்5-க்கு எக்ஸ்போ என்று தன் பங்குக்கு ஒன்று வைத்தது. இரண்டு கம்பெனிகளின் கணக்கிலும் இதை ஆன் செய்வது ஓவர்கிளாக்கிங்தான். கடைக்காரர்கள் யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை.

டப்பாவில் எழுதியவர் ஸ்டிக்குக்கு மட்டும்தான் பேச முடியும் என்பதை நான் வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். ரேமோடு பேசுகிற மெமரி கன்ட்ரோலர் ஒரு காலத்தில் மதர்போர்டில் இருந்தது. ஏஎம்டி 2003-இல் அத்லான்64-இலும், இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7-இலும் அதைப் பிராசஸருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஒரே மாடல் பிராசஸர் இரண்டை வாங்கினால் ஒன்றின் கன்ட்ரோலர் கெட்டியாக இருக்கும், இன்னொன்று சோப்ளாங்கியாக இருக்கும். நடுவில் போர்டின் செப்புத் தடங்கள். ஸ்டிக், பிராசஸர், போர்டு மூன்றும் ஒத்துப்போனால்தான் டப்பா எண் நிற்கும். சில போர்டில் ஒத்துப்போக இடமே கிடையாது. பத்தாம் தலைமுறை இன்டெல்லுக்கு வந்த பி460, எச்410 போர்டுகளில் ஐ5-10400-ஐப் போட்டால் ரேம் 2666-ஐத் தாண்டாது. எந்த ஸ்டிக்கை மாட்டினாலும் சரி. 2021-இல் பி560 வந்த பிறகுதான் நடுத்தர விலைப் போர்டில் அந்தப் பூட்டைத் திறந்தார்கள். ஆன்லைனில் வேகமான ஸ்டிக்கைத் தருவித்து, அது கப்பலிலோ விமானத்திலோ வந்து சேர்ந்து, மாட்டிப் பார்த்து, 2666 என்று கண்டு என்னிடம் வருகிறவரிடம் 'இது இவ்வளவுதான்' என்று சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மிஷினில் பழுதே இல்லை.

தீவில் இதற்கு மேல் ஒரு சிக்கல் மின்சாரம். நிலப்பரப்பின் மின் கட்டமைப்போடு இந்தத் தீவுகளுக்குத் தொடர்பு கிடையாது. பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்கள், கொஞ்சம் சோலார், வடக்கு அந்தமானில் கல்போங் நீர்மின் நிலையம். கரண்ட் போவதுகூடப் பெரிதில்லை. போய் உடனே வந்து மறுபடி போவதுதான் பெரிது. கம்ப்யூட்டர் எழுந்து ரேமைச் சோதித்துப் பழக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில் மின்சாரம் விழுந்தால், பல போர்டுகள் 'இந்த வேகத்தில் என்னால் எழ முடியவில்லை' என்று தாங்களே முடிவு கட்டி, எக்ஸ்எம்பியைக் கழற்றிவிட்டுத் தொடக்க வேகத்துக்கு இறங்கிவிடும். யாருக்கும் சொல்லாது. அப்படி மாதக்கணக்கில் 2133-இல் ஓடிய மிஷின்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டெலானிப்பூரில் ஒரு டிடிபி கடைக்காரர் "இப்பல்லாம் கோரல்டிரா ரொம்ப மெதுவா இருக்கு, வயசாயிடுச்சு போல" என்று மிஷினுக்கு வயது பார்த்துக்கொண்டிருந்தார். பயாஸில் ஒரே ஒரு வரியை மாற்றி, ஒரு நல்ல யுபிஎஸ் வாங்கச் சொல்லி அனுப்பினேன்.

விரிவாகச் சொல்ல வேண்டியது ஸ்வராஜ் தீவிலிருந்து வந்த ஒரு கேபினெட்டைப் பற்றி. ஹேவ்லாக் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். அங்கே ஸ்கூபா டைவிங் போகிறவர்களைக் கடலுக்கடியில் வீடியோ எடுத்து, அன்று மாலையே வெட்டி ஒட்டிக் கையில் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் காலைப் படகில் அவர்கள் போய்விடுவார்கள். அந்த வேலையைச் செய்யும் பையன் ராமநாதபுரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், இங்கேயே பிறந்தவன். ரைசன் 5 3600, பி450 போர்டு, 8 ஜிபி ஸ்டிக் இரண்டு. நன்றாக ஓடியது. வேலை கூடியதும் இன்னும் இரண்டு ஸ்டிக் வாங்கினான். அதே கம்பெனி, அதே மாடல், அதே 3200. போட்ட வாரத்திலிருந்து எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கிறது. முடிந்தாலும் சில இடங்களில் பச்சைக் கட்டங்கள். பார்ட்டி காசு கொடுக்காமல் போய்விட்டான் என்று வருத்தம்.

இரண்டு இரண்டரை மணி நேரம் படகில் மிஷின் வந்தது. என் மேசையில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்து, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86 ஓடவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை. இப்படி வரும் மிஷினை 'சரியாத்தானே இருக்கு' என்று திருப்பி அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. நான் அவனுக்குப் போன் போட்டு, "தம்பி, கேபினெட் எங்க வச்சிருந்தே? ஒரு போட்டோ அனுப்பு" என்றேன். மர மேசைக்கு உள்ளே, கதவு போட்ட அறையில், சுவரை ஒட்டி. ஏசி கிடையாது. அதோடு எக்ஸ்போர்ட் நடக்கும்போது கிராபிக்ஸ் கார்டும் முழு மூச்சில் வேலை செய்யும். அது கக்கும் சூடு நேரே மேலே இருக்கும் ரேம் மீதுதான் ஏறும். மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது.

ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய கெப்பாசிட்டரில் வைத்த மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறது. ஏசி அறையில் தேறுகிற ஸ்டிக் நடுப்பகலில் தவறுவதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

தகட்டை மாட்டினேன். மேலே ஒரு துணியைப் போட்டுக் காற்றுவழியைக் குறைத்தேன். விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5-ஐயும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு சுமையையும் சேர்த்து ஓடவிட்டேன். அரைமணி நேரத்தில் பிழைகள் வரிசை கட்டின. அப்புறம் பிரித்துப் பார்த்தேன். பழைய ஜோடி மட்டும் போட்டால் அதே சூட்டில் 3200 நிற்கிறது. புது ஜோடி மட்டும் போட்டாலும் நிற்கிறது. நாலையும் போட்டால் விழுகிறது. ஆக எந்த ஸ்டிக்கும் கெட்டதில்லை; வாரண்டிக்கு அனுப்பினால் அங்கே தனித்தனியாகச் சோதித்து 'நன்றாக உள்ளது' என்று திருப்பித்தான் அனுப்புவார்கள். ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு ஜோடிக்குள்ளும் இருந்த சிப்புகள் வேறு வேறு. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று உலகத்தில் பெரிய அளவில் இந்தச் சிப்பைச் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஸ்டிக் விற்கும் கம்பெனிகள் அன்றைக்கு எது மலிவோ அதை வாங்கி அதே மாடல் எண்ணில் ஒட்டிவிடுவது வழக்கம். போர்டு ஒரு ஜோடியின் எக்ஸ்எம்பியைப் படித்து நாலுக்கும் அதையே போட்டிருந்தது. அந்தப் பிராசஸருக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் உறுதியும் இரண்டு ஸ்டிக்குக்கு 3200. ஒற்றை ரேங்க் ஸ்டிக் நாலு போட்டால் 2933 மட்டும்தான்.

அவன் விடவில்லை. "அண்ணே, 3200-க்குத்தானே காசு கொடுத்தேன்." சரி என்று கைவேலையில் இறங்கினேன். இரண்டு ஜோடியில் எது மந்தமோ அதன் தாமதங்களை நாலுக்கும் போட்டேன். புதுப்பிக்க ஆகும் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாக்கினேன். கியர் டவுன் மோடு ஆன். ரேம் வோல்ட் 1.35-லிருந்து 1.38. பிராசஸரின் எஸ்ஓசி வோல்ட்டை 1.1-இல் நிறுத்தினேன். இதையெல்லாம் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. ஒன்றை மாற்றி, சோதித்து, எழுதிவைத்து, அப்புறம் அடுத்தது. பிழைகள் குறைந்துகொண்டே வந்து கடைசியில் சில மணி நேரத்துக்கு ஒன்று என்று ஆனது. அங்கேயே நின்றுவிட்டது. போனில் சொன்னதும் "ஒண்ணுதானே அண்ணே, பரவால்ல, குடுத்துடுங்க" என்றான்.

பரவாயில்லை என்று நான் நினைக்கவில்லை. புரண்டுபோன அந்த ஒரு பிட் வீடியோவில் விழுந்தால் ஒரு பச்சைக் கட்டம், அதைப் பார்த்துத் திரும்ப எக்ஸ்போர்ட் போடலாம். டேலியில் ஒரு தொகையில் விழுந்தால் யாருக்குத் தெரியும்? விண்டோஸ் தன் சொந்த ஃபைலை எழுதும் நேரத்தில் விழுந்தால் பிழை டிஸ்க்கிலேயே பதிந்துவிடும். அதற்குப் பிறகு ரேமைச் சரிசெய்தாலும் நோய் போகாது. விண்டோஸை மறுபடி மறுபடி போட்டும் தீராத கேஸ்களில் பல இந்த வகைதான். சோதனையில் பிழை என்றால் பூஜ்யம் மட்டும்தான் கணக்கு.

2933-க்கு இறக்கினேன். வோல்ட் 1.35-க்கே திரும்பியது. ஒரு ராத்திரி, அடுத்து ஒரு நடுப்பகல், கிராபிக்ஸ் சுமையோடு, துணி போட்டபடி. பூஜ்யம். ரைசனின் உள் பாதை ரேம் கடிகாரத்தோடு சேர்ந்தே ஓடுவதால் அதுவும் 1600-லிருந்து 1467-க்குக் கொஞ்சம் இறங்கியது. அவனுடைய ஒரு பழைய வீடியோவை இரண்டு வேகத்திலும் எக்ஸ்போர்ட் போட்டுக் காட்டினேன். வித்தியாசத்தைக் கடிகாரம் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மேசைக்கு உள்ளேயிருந்து கேபினெட்டை வெளியே எடுத்து வை என்றும் சொன்னேன். அதைச் செய்தானா என்று தெரியாது.

உப்புக் காற்றைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை, வருஷம் முழுக்க ஈரப்பதம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எல்லா வீடும். ரேமின் விளிம்பில் தங்க முலாம் பூசிய பற்கள் இருந்தாலும் ஸ்லாட்டுக்குள் இருக்கும் கம்பிகளில் ஒரு மங்கல் படலம் படிந்துவிடும். மெதுவான வேகத்தில் அது தெரியாது. 3200-க்கு ஏற்றினால் ஒரு சேனலே காணாமல் போகும், அல்லது 16 ஜிபி மிஷின் 8 என்று காட்டும். இங்கே பழைய மெக்கானிக்குகள் பென்சில் ரப்பரால் பற்களைத் தேய்ப்பார்கள். மினுமினுவென்று ஆகும், மிஷினும் எழும். ஆனால் அந்த முலாம் மிக மெல்லியது. நாலைந்து தரம் தேய்த்தால் அடியிலிருக்கும் உலோகம் தலைகாட்டும், அப்புறம் அது இன்னும் சீக்கிரம் கறுக்கும். நான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுத் துணியால் துடைக்கிறேன். ஸ்லாட்டுக்கும் அதே, ஒரு மென்மையான தூரிகையால். காய்ந்த பிறகு ஸ்டிக்கை இரண்டு மூன்று தரம் மாட்டிக் கழற்றினால் கம்பிகள் தாங்களே உரசிச் சுத்தமாகிக்கொள்ளும். இன்னொன்று: ஏசி அறையில் இருந்த மிஷினை மழைநாளில் வெளியே கொண்டுவந்து உடனே ஆன் செய்யக் கூடாது. குளிர்ந்த போர்டில் ஈரம் படிந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா வைக்க வேண்டும்.

ஸ்டிக்கை எந்த ஸ்லாட்டில் மாட்டுவது என்று இன்னும் பலருக்குத் தெரியவில்லை. நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக் என்றால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். பெரும்பாலான போர்டுகளில் தடங்கள் அந்த இரண்டில்தான் போய் முடிகின்றன. முதலாவதிலும் மூன்றாவதிலும் மாட்டினால் மீதித் தடம் தொங்கிக்கொண்டு சமிக்ஞையை எதிரொலிக்கும். இடம் மாற்றி மாட்டியதாலேயே சரியான கேஸ்கள் நிறைய. அதற்குக் காசு வாங்க எனக்கே கூச்சமாக இருக்கும். வாங்கிவிடுவேன்.

பயாஸ் அப்டேட் என்பது ஒரு காலத்தில் இங்கே பெரிய சமாசாரம். 2017-இல் முதல் ரைசன் வந்தபோது ரேமோடு அதற்கு ஒத்தே வரவில்லை. அந்த மே மாதம் ஏஎம்டி புதிய அடிப்படை நிரலைக் கொடுத்து இருபதுக்கு மேற்பட்ட ரேம் அமைப்புகளைத் திறந்துவிட்ட பிறகுதான் நிலைமை தேறியது. சென்னையில் அதை ஐந்து நிமிடத்தில் இறக்கிக்கொண்டார்கள். இங்கே அப்போது இணையம் எல்லாம் செயற்கைக்கோள் வழி. பத்துப் பதினைந்து எம்பி ஃபைல் பாதியில் அறுந்து போகும். ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் சொல்லி, ரிச்சி தெருவில் தெரிந்த கடையில் பென் டிரைவில் ஏற்றி வாங்கி வரச் சொல்வோம். கப்பலில் என்றால் மூன்று நாள். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டதும் அந்தக் கதை முடிந்தது. பயாஸ் ஏற்றும் நடுவில் கரண்ட் போகும் பயம் மட்டும் முடியவில்லை. யுபிஎஸ் இல்லாத இடத்தில் நான் பயாஸைத் தொடுவதில்லை.

டிடிஆர்5 வந்து வேறு மாதிரித் தலைவலிகளைக் கொண்டுவந்திருக்கிறது. ரைசன் 7000 மிஷினில் புது ரேம் போட்டு முதல்முறை ஆன் செய்தால் பழகிக்கொள்ளவே சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பு. வாடிக்கையாளர் பயந்து அணைத்து ஆன் செய்வார், அது முதலிலிருந்து தொடங்கும். நம்ம ஊர்க் கரண்டும் தன் பங்குக்கு அணைத்து ஆன் செய்யும். நாலு ஸ்டிக் போட்டால் அந்தப் பிராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 5200-லிருந்து 3600-க்கு விழுந்துவிடுகிறது. அதனால் இரண்டு பெரிய ஸ்டிக்காக வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்குச் சிப்புகள் போய் விலை ஏறிய ஏற்றத்தில் அப்படிச் சொல்லவே நாக்கு எழவில்லை. எக்ஸ்போவை ஆன் செய்துவிட்டு அப்படியே விடவும் கூடாது. எஸ்ஓசி வோல்ட்டைப் போர்டு தானாக எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2023-இல் சில ரைசன் 7000 பிராசஸர்கள் கருகிய பிறகு 1.3-ஐத் தாண்டாதபடி போர்டுகளுக்குக் கட்டு போட்டார்கள். பழைய பயாஸோடு இருக்கும் போர்டில் அந்தக் கட்டு இருக்காது. டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே பிழை திருத்தம் இருக்கிறது, அதனால் சோதிக்க வேண்டாம் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அது சிப்புக்குள் நடக்கும் பிழையைத்தான் திருத்தும். சிப்பிலிருந்து பிராசஸருக்கு வரும் வழியில் கெட்டால் அதற்குத் தெரியாது. வேகத்தை ஏற்றும்போது கெடுவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

எந்த மிஷினைச் சரிசெய்தாலும், எந்த எண்ணில் நிறுத்தினேன் என்று ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் எழுதிப் பக்கவாட்டுத் தகட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன். வேகம், வோல்ட், முதல் நாலு தாமதங்கள், பயாஸ் பதிப்பு. போர்டில் இருக்கும் சிஆர்2032 செல் என்றைக்காவது தீரும், எல்லாம் அழிந்து தொடக்க நிலைக்குப் போகும். போன மழைக்காலத்தில் டிக்லிப்பூரிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் போன் செய்தார், தேதி 2019-ன்னு காட்டுது, ரேம் 2400-ன்னு காட்டுது என்று. ஜாரவா காட்டு வழியாகச் சாலையில் வந்து சேர ஒரு நாள் ஆகும் தூரம். தகட்டைக் கழற்றிப் படிக்கச் சொன்னேன். "2933, 1.35, 16, 18, 18, 38" என்று படித்தார். பயாஸில் எந்தப் பக்கத்தில் எதைப் போடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சேமித்து எழுந்ததும் "இப்ப 2933 வந்துடுச்சு. செல்லு எங்க வாங்குறது?" என்றார். வாட்ச் கடையில் கேளுங்கள், எண்ணைச் சொன்னால் கொடுப்பார்கள் என்றேன். கேபினெட்டின் மெயின் ஒயரைப் பிடுங்கிவிட்டு மாற்றச் சொன்னேன்.